பத்தியம் முறிந்தால்?

பத்தியம் என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்மில் அநேகருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. ஆயினும் நம் நாட்டுப் பத்தியங்களில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. அதற்கு முடிவு நாள் என்று ஒன்று இருக்கிறது. நாட்டு வைத்தியர் மருந்து கொடுக்கும்போதே ஒரு மண்டலம் என்றோ அரை மண்டலம் என்றோ கணக்குச் சொல்லிவிடுவார். அதற்கு மேல் சில நாள் மறுபத்தியம். பிறகு எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு, கத்தரிக்காய்க் குழம்பும் பொரித்த அப்பளமுமாகச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம்.

முடிவு நாளே இல்லாத பத்தியமும் ஒன்று இருக்கிறது. சீலியாக் என்று டாக்டர்கள் சொல்லும் குடல் வியாதிக்கு உரியது அது. கோதுமை, பார்லி, ரை என்னும் மூன்று தானியங்களையும் ஆயுள் உள்ளவரையில் சாப்பிடக் கூடாது. இந்த வியாதிக்கு இன்றுவரையில் வேறு மருந்து வரவில்லை; பத்தியமே மருந்து. ஆயுள் முழுவதும் காக்கவேண்டிய பத்தியம் ஒரு நாளாவது முறியாமல் இருக்குமா? முறியத்தான் செய்யும். முறிந்த பிறகு வீட்டில் என்ன நடக்கவேண்டும், என்ன நடக்கக் கூடாது என்பதைச் சென்ற மாதம் பள்ளிப்பட்டில் ஒரு சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

திருத்தணியில் பஸ் ஏறிப் பொதட்டூர்ப்பேட்டை வழியாகப் பள்ளிப்பட்டுக்குப் போகிறவர்கள் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போகலாம். ஊரை ஒட்டிக் கொசஸ்தலையாறு. கூப்பிடு தூரத்தில் ஆந்திர எல்லை. 1960-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ம் தேதிதான் இந்தப் பிரதேசம் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து நம் ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆகையினால் கடைத்தெருவில் ஒருவர் தமிழில் விலை கேட்பதும், கடைக்காரர் தெலுங்கில் பதில் சொல்வதும், இருவருக்கும் மனஸ்தாபமில்லாமல் வியாபாரம் முடிந்துவிடுவதும் இங்கே சர்வசாதாரணம்.

என் நண்பர் அவ்வூரில் தலைமை உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மருமகள் பக்கத்து ஊர் பாங்கியில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தப் பெண் வெளுத்து, மெலிந்து இருந்தாள். "ரத்தம் போதாது" என்று சொல்லி வருஷக்கணக்காக இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை உள்ளே போயிற்றே தவிர, ரத்தம் ஊறின பாடில்லை. அடிக்கடி வயிறு உப்புசம், பேதி, அயர்ச்சி. கடைசியில் சென்னையில் ஒரு டாக்டர் ரத்தத்தில் ஒரு விசேஷப் பரீட்சை செய்து, பிறகு குழாய் செலுத்திச் சிறுகுடலிலிருந்து துளி சதையை எடுத்துப் பார்த்து, சீலியாக் என்று நிச்சயப்படுத்தினார்.

வியாதியின் தன்மையை நெசவாளர் ஊருக்குத் தகுந்தபடி சொல்லிவிடலாம். நம்முடைய சிறுகுடலின் உட்புறம் டர்க்கி டவலைப் போன்றது. நுண்ணிய இழைகள் எழும்பி நிற்கின்றன. குடலுறிஞ்சிகள் என்று அவற்றுக்குப் பெயர். உணவின் சத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்ப்பவை அவைதான். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற பசைப் புரதம் உள்ளே வந்ததும், இந்த வியாதி உள்ளவர்களின் தேகத்திலுள்ள காவற்படை மதிமயங்கிப் போய், சொந்த வீட்டுச் சுவரையே இடிக்கத் தொடங்குகிறது. இழைகள் தேய்ந்து டவல் வெறும் மல் துணியாகிவிடுகிறது. அப்புறம் என்ன இரும்புச் சத்துக் கொடுத்து என்ன பிரயோஜனம்? கோதுமையை அடியோடு நிறுத்தினால் இழைகள் மறுபடியும் முளைக்கும். குழந்தைகளுக்குச் சீக்கிரத்தில், பெரியவர்களுக்கு இரண்டு வருஷமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

நண்பர் வீட்டில் அன்றைக்கே கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா எல்லாம் வெளியேற்றப்பட்டன. நண்பருக்கு இரவில் சப்பாத்தி சாப்பிடுவது இருபது வருஷத்துப் பழக்கம். அதையும் அவருடைய மனைவி நிறுத்திவிட்டார். மருமகளுக்கு உடம்பு தேறிவந்தது. ஆனால் முற்றிலும் தேறவில்லை. பத்து நாள் நன்றாயிருப்பாள். திடீரென்று மூன்று நாள் படுத்துவிடுவாள்.

"அண்ணா, உங்களிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமாயிருக்கிறது. நான் அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன்" என்று ஆரம்பித்தார் நண்பரின் மனைவி.

வீட்டில்தான் கோதுமையே கிடையாதே! பின் எப்படி உடம்புக்கு வருகிறது? பாங்கியில் சிநேகிதிகளோடு பிஸ்கோத்தோ பரோட்டாவோ தின்கிறாள் போலிருக்கிறது என்று அந்த அம்மாளுக்குத் தோன்றிற்று. ஒரு நாள் மருமகளுடைய கைப்பையில் பிஸ்கோத்துப் பொட்டலம் ஒன்று தென்பட்டது. கூட வேலை செய்பவளின் குழந்தைக்காக வாங்கியது அது. மாமியார் அதைக் கேட்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மருமகளும் அதைச் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையில் அபாயமான விஷயம். உடம்புக்கு வந்தாலும் அவள் வெளியில் சொல்வதை நிறுத்திவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறி வேலைக்குப் போனாள். "ஒரு மாசம் போலத் தினம் மத்தியானம் சாதத்தைக் குப்பைத் தொட்டியில் கொட்டினேன், மாமா. எதைத் தின்றால் என்ன வருமோ என்று பயம். அத்தையிடம் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று இன்னொரு பயம்" என்றாள் அவள்.

மறுமுறை டாக்டரிடம் போனபோது, அங்கிருந்த உணவு ஆலோசகர் ஒரு காரியம் செய்தார். "என்ன சாப்பிட்டாய்?" என்று அவர் கேட்கவில்லை. "ஒரு வாரத்துக்கு உங்கள் வீட்டு அடுப்பிலுள்ள பாத்திரத்தில் என்னென்ன விழுகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று மாமியாரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். எழுத வேண்டியவர் மாமியார், பாருங்கள்! நோயாளி எதைத் தின்றாள் என்ற விசாரணை, வீட்டில் எதைச் சமைத்தோம் என்ற விசாரணையாக மாறிவிட்டது.

ஒரு வாரம் கழித்து நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய ஆலோசகர் ஒரே ஒரு வார்த்தையைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். அந்த வார்த்தை: பெருங்காயம்.

நேயர்களில் பலர் திடுக்கிடலாம். பெருங்காயத்துக்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. பெருங்காயம் என்பது ஒரு செடியின் கிழங்கிலிருந்து வடியும் பால். ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் பாரஸீகத்திலிருந்தும் அது நமக்கு வருகிறது. பாரதத்தில் அதைப் பயிரிட முதல் நாற்று லாஹவுல் பள்ளத்தாக்கில் நடப்பட்டதே 2020-ம் வருஷம் அக்டோபரில்தான். சுத்தமான சரக்கின் நெடி தாங்கமுடியாதது, விலையும் அப்படியே. ஆகையினால் பிசினும் மாவும் கலந்து, கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். இதில் மோசடி ஒன்றுமில்லை. கூட்டுப் பெருங்காயம் என்று சட்டமே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அந்த மாவு அரிசி மாவாகவும் இருக்கலாம், கோதுமை மாவாகவும் இருக்கலாம். டப்பாவின் மேல் எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். நாற்பது வருஷமாக டப்பா வாங்குகிற நண்பரின் மனைவி அதை ஒரு நாளும் படித்தவரில்லை. நான் படித்திருக்கிறேனா? என் வீட்டு டப்பாவைத் திரும்பி வந்த பிறகுதான் பார்த்தேன். கோதுமை மாவுதான்!

ஒரு சிட்டிகைதானே என்று நினைக்க வேண்டாம். கோதுமை மாவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். 2007-ம் வருஷத்தில் வெளியான இத்தாலிய ஆராய்ச்சி ஒன்றில், குணமாகிவந்த நோயாளிகளுக்குத் தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் வீதம் மூன்று மாதம் கொடுத்தபோது குடலின் இழைகள் மறுபடியும் தேயக் கண்டார்கள். அரைக் கிராம் மாவு, அவ்வளவுதான்! நண்பர் வீட்டில் சாம்பாருக்கு ஒரு கட்டி, ரசத்துக்கு ஒரு கட்டி, மோருக்குத் தூள், ஊறுகாய்க்குத் தாராளமாக. "வாயுவுக்கு நல்லது என்று மருமகளுக்கு மாத்திரம் மோரில் இன்னும் கொஞ்சம் கூடவே போடுவேன், அண்ணா!" என்று சொல்லி அந்த அம்மாள் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெருங்காயம் மட்டுமல்ல, இன்னொரு ஆசாமியும் பிறகு அகப்பட்டான். இடியாப்பத்துக்கும் முறுக்குக்கும் இவர்கள் அரிசியைத் தெருக்கோடி மாவு மில்லில் அரைப்பது வழக்கம். அதே இயந்திரத்தில்தான் ஊரார் ரேஷன் கோதுமையையும் அரைக்கிறார்கள். நம் வீட்டு ஸ்திரீகள் மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அரிசியைப் போடச் சம்மதிப்பார்களா? சண்டைக்கே போய்விடுவார்கள். ஆனால் கோதுமைக்குப் பின்னால் அரிசியைப் போடுவதற்கு யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை. கோதுமை காரமாயிருப்பதில்லை அல்லவா? இப்போது அந்த அம்மாள் அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்து வைத்துக்கொள்கிறார்.

வாஸ்தவத்தில் இந்தப் பத்தியத்துக்கு நம்மைவிடப் பொருத்தமான ஜனங்கள் கிடையாது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை எதிலும் குளூட்டன் இல்லை. இட்லியும் இடியாப்பமும் புட்டும் இருக்கிற வீட்டில் பட்டினி எங்கிருந்து வரும்? ஆனால் இதுவே நமக்கு ஒரு கண்ணியாகவும் இருக்கிறது. 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில் வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா மூன்றிலுமாக 23,331 பேருடைய ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். வடக்கே ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்குமேல் இந்த வியாதி. தெற்கே பதினாயிரத்துக்கு ஒருவர் அளவுதான். வடக்கே தலைக்கு நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை. தெற்கே 25 கிராம். வியாதி இவ்வளவு அபூர்வமாயிருப்பதனால் நம் பக்கத்தில் யாருக்கும் அதன் பெயரே தெரியாது. "கோதுமை சக்கரை வியாதிக்கே நல்லதாயிற்றே! கொஞ்சம் தின்றால் என்ன?" என்று கேட்கிற அத்தைமார்கள் தெருவுக்குப் பத்துப் பேர். நோயாளிகள் தேறுவதற்கென்று கொடுக்கும் மால்ட் பானங்களோ பார்லியிலும் கோதுமையிலும் ஆனவை!

பத்தியத்தில் தவறுவது நோயாளிகளுக்கு மாத்திரம் உரிய பாக்கியமும் அல்ல. பெரிய வைத்தியர்களே தவறியிருக்கிறார்கள். லண்டனில் ஸாமுவேல் கீ என்ற டாக்டர் 1888-ம் வருஷத்தில் இந்த வியாதியைத் தெளிவாக வர்ணித்தார். இது குணமாவதானால் உணவினாலேதான் குணமாகவேண்டும் என்று அவர் கண்டது பெரிய விஷயம். ஆனால் அவர் விதித்த பத்தியம் என்ன தெரியுமா? அரிசி கூடாது, நன்றாக வாட்டிய ரொட்டித் துண்டு சாப்பிடலாம்! நமக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு குழந்தை தினந்தோறும் ஒரு குவார்ட் ஹாலந்து தேசத்துச் சிப்பி மாமிசம் சாப்பிட்டு அற்புதமாகத் தேறிற்று என்றும், சிப்பிக் காலம் முடிந்ததும் பழையபடி ஆகிவிட்டது என்றும், அடுத்த வருஷம் சிப்பியைக் கண்டாலே அது வாயை மூடிக்கொண்டது என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் குழந்தையின் பேரில் எனக்கு அனுதாபம் உண்டு.

கோதுமைதான் குற்றவாளி என்று ருசுப்படுத்தியவர் ஹாலந்து தேசத்து டாக்டர் டிக்கே. ஹேக் நகரத்தில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்த அவருக்கு 1930-க்குப் பிறகே அந்தச் சந்தேகம் இருந்துவந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியரின் முற்றுகையால் ஹாலந்தில் கொடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் ஊரார் எல்லாம் மெலிந்தபோது, இந்த வியாதிக் குழந்தைகள் மாத்திரம் தேறின. மறுபடி ரொட்டி வந்தது. வியாதியும் திரும்பி வந்தது. 1950-ம் வருஷத்தில் டிக்கே தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். பத்தியம் முறிந்த இடத்திலிருந்துதான் அந்த உண்மை வெளிப்பட்டது என்றும் சொல்லலாம்.

சரி, தெரியாமல் சாப்பிட்டாகிவிட்டது. இப்போது என்ன செய்வது? விரலை விட்டு வாந்தியெடுக்க முயல்வது கூடாது. வயிற்றுக்குள் போன குளூட்டனைக் கரைத்துவிடுவதாகவும் உறிஞ்சிவிடுவதாகவும் சொல்லி விற்கும் மாத்திரைகளும் கரித்தூளும் உண்டு. அவற்றை நம்பிப் பத்தியத்தைத் தளர்த்துவதற்குப் போதிய ருசு இல்லை. சிலருக்குச் சில மணி நேரத்திலேயே உபத்திரவம் ஆரம்பிக்கும், சிலருக்கு மறுநாள். பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கிவிடும். அதுவரையில் ஓய்வு வேண்டும். பேதியாகிறபடியால் நீரும் உப்பும் தாராளமாக உள்ளே போகவேண்டும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியைவிட இதற்குச் சிறந்தது எது? குடல் புண்பட்டிருக்கும்போது சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்டவர்கள் சில நாள் பாலை நிறுத்தலாம். அடுத்த வேளையிலிருந்து பத்தியம் பழையபடி. தண்டனையாகப் பட்டினி கிடப்பதும் வேண்டாம். "முறிந்தது முறிந்ததுதானே, இன்றைக்கு மாத்திரம் பரோட்டாவும் ஆகட்டும்" என்ற வேதாந்தமும் வேண்டாம். ஒரு நாள் தவறினதனால் ஆறு மாதத்துக் குணம் அழிந்துபோவதில்லை. அழிப்பது, தெரியாமல் தினந்தோறும் உள்ளே போவதுதான்.

இதில் இரண்டு ஜாக்கிரதை உண்டு. வேறொருவர், "நான் தின்றேன், ஒன்றும் ஆகவில்லையே!" என்பார். வலி இல்லாததனால் குடலுக்குக் கெடுதி இல்லை என்று அர்த்தமாகாது. இரண்டாவது, எல்லா வயிற்று நோவையும் கோதுமையின் தலையில் கட்டக் கூடாது. மலத்தில் ரத்தம், கடும் ஜுரம், நில்லாத வாந்தி, தலைசுற்றல், சிறுநீர் குறைதல் இவைகளைக் கண்டால் கஞ்சியோடு காத்திராமல் டாக்டரிடம் ஓடவேண்டும். குழந்தைகளையும் வயோதிகர்களையும் இன்னும் விரைவாக. உபத்திரவம் அடிக்கடி வந்தால் ரத்தப் பரீட்சையை மறுபடி செய்வார்கள். ஆனால் அந்தப் பரீட்சையும் ஒரே ஒரு தவற்றைக் காட்டிக் கொடுக்காது. மாதக்கணக்கில் நடப்பதைத்தான் சொல்லும். ஒரு நாள் தவற்றைக் கண்டுபிடிக்க நோட்டுப் புத்தகத்துக்கு மிஞ்சிய கருவி கிடையாது. நோயாளி வாய்திறந்து சொன்னால்தான் அதில் ஏதாவது எழுதமுடியும்.

அந்த நோட்டுப் புத்தகம் இன்றும் நண்பர் வீட்டுச் சமையலறையில், ஆணியில் சணல் கயிற்றால் தொங்குகிறது. டப்பாக்களின் மேல் சிவப்புக் கோடு, பச்சைக் கோடு. மாவு கலக்காத பால் பெருங்காயம் கடைக்காரரிடம் தீர விசாரித்து வாங்கப்பட்டு, தனிச் சிமிழில் இருக்கிறது. சந்தேகமானால் பெருங்காயமே போடாமல் பூண்டைத் தட்டிப் போட்டுவிடுகிறார்கள். அந்த ரசத்தை நானும் சாப்பிட்டேன், குறை சொல்வதற்கில்லை. பொட்டலங்களில் "குளூட்டன் அற்றது" என்று போடுவதானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குமேல் இருக்கக் கூடாது என்று நம் சர்க்கார் விதித்திருப்பதையும், அந்த அம்மாள் எனக்குப் பாடம் சொன்னார்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் சமீபத்தில் ஒரு நாள் பத்தியம் முறிந்தது. நகரியில் உறவினர் வீட்டுக் கல்யாணம். மருமகள் பூரியைத் தொடவில்லை, கேசரியைத் தொடவில்லை, பாயசத்தில் சேமியாவைக் கண்டு ஒதுக்கிவிட்டாள். உளுந்து வடைதானே என்று ஒன்றரை வடை சாப்பிட்டாள். சமையற்காரர் அப்புறம் வந்து பெருமையாகச் சொன்னாராம்: "மாவு நீர்த்துப் போய்விட்டது, அம்மா! நாலு கை ரவையைப் போட்டேன். எப்படி மொறுமொறுவென்று வந்தது பார்த்தீர்களா?"

மிச்ச அரை வடையை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்து, மருமகள் நேரே மாமியாரிடம் போனாள். "அத்தை, இன்றைக்கு முறிந்துவிட்டது. ரவை" என்றாள். ஏன் தின்றாய், எப்படித் தின்றாய் என்று அவர் கேட்கவில்லை. பெண்ணை அழைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் பள்ளிப்பட்டுக்குத் திரும்பிவிட்டார். இரண்டு நாள் பாங்கிக்கு லீவு. மூன்றாம் நாள் அவள் எழுந்து நடமாடினாள்.

அந்தப் பக்கத்தை எனக்குப் பிரித்துக் காட்டினார்கள். மேலே மருமகளுடைய கையெழுத்தில் தேதி, வேளை, "வடை ஒன்றரை, ரவை கலந்தது, இரவு எட்டு மணிக்கு வலி" என்று தமிழில் இருந்தது. அதன் கீழே தெலுங்கில் ஒரு வரி. மாமியார் அந்தக் காலத்தில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். எனக்கு அந்த எழுத்துத் தெரியாதபடியால் நண்பரைக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிப்படுத்திக்கொண்டு படித்துச் சொன்னார்:

"பந்திக்கு முன்னால் சமையற்காரரைக் கேட்டிருக்கவேண்டியவள் நான், பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்துவிட்டேன்."